படக்கதை இதழ்களுக்கு உறையும் மட்டையும்

ஒரு காலத்தில் ஆசிரியர் கண்ணிற் படாவண்ணம் கணிதப் புத்தகத்தினுள் மறைத்து வாசிக்கப்பட்ட படக்கதை இதழ்கள், இன்று பேணிக் காக்கத்தக்க பொருள்களாக உலகெங்கும் மதிக்கப்படுகின்றன. 1938-ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் பத்துச் சதத்துக்கு விற்கப்பட்ட ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழின் பிரதியொன்று 2014-ஆம் ஆண்டில் 32 இலட்சம் டொலருக்கும், வேறொரு பிரதி 2024-ஆம் ஆண்டில் 60 இலட்சம் டொலருக்கும் விலைபோயின. தமிழ்ப் படக்கதைகளுக்கு அத்தகைய விலை கொடுப்பார் இலர். எனினும், 1972-ஆம் ஆண்டிற் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸையும், 1984-ஆம் ஆண்டில் தோன்றிய லயன் காமிக்ஸையும் கைமாற்றிக் கைமாற்றி வாசித்த தலைமுறைக்கு அவற்றின் மதிப்பைப் பணத்தால் அளவிடல் இயலாது.

மதிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. நூலகங்கள் இவ்வகை இதழ்களைச் சேர்த்து வைத்தது மிகக் குறைவு. நூலகத்திற் சேர்த்தவற்றுக்கும் நம் நாட்டில் நேர்ந்த கதியை யாவரும் அறிவர். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995-ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்விலே வீடுகளிலிருந்த நூல்களும் இதழ்களும் சிதறின. ஆகலின் ஒரு வீட்டு றங்குப்பெட்டியின் அடியில் இன்று தப்பிக் கிடக்கும் இதழொன்று, அவ்வூருக்கே எஞ்சிய ஒற்றைப் பிரதியாய் இருத்தல் கூடும்.

இத்தகைய இதழ்களைக் காத்தற்பொருட்டுக் கண்ணாடிபோன்ற பிளாத்திக்கு உறைகளும், அவற்றுள் இதழின் பின்னே வைக்கும் வெண்ணிற மட்டைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. வாங்குவோர் பலர் உறையின் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து, மட்டையை ஒரு முட்டுக்கொடுப்பாகவே கருதுகின்றனர். உறை காப்பது வெளிப்பகையினின்று. மட்டை காப்பது உட்பகையினின்று. இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கும் முறையை ஈண்டு விளக்க முயல்வாம்.

தாளின் உடன்பிறந்த நோய்

பழங்காலத்திற் கடதாசி பெரும்பாலும் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. 1840-களிலே செருமனியைச் சேர்ந்த கெல்லர் என்பார் மரத்தை அரைகல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். அதன் பின்னர்க் கடதாசி மலிந்தது. செய்தித்தாளும் மலிவுப் பதிப்பும் பெருகின. படக்கதை இதழ்களும் அம்மலிவுக் கடதாசியிலேயே நெடுங்காலம் அச்சிடப்பட்டன. வாசித்தபின் எறிந்துவிடப்படும் பொருளுக்கு உயர்ந்த தாள் எதற்கு என்பதே பதிப்பாளர் எண்ணமாயிற்று.

அரைத்த மரக்கூழில், தாளுக்கு வலிமை தரும் செலுலோசு நார்களுடன் இலிக்னின் என்னும் பொருளும் நீங்காது தங்கிவிடும். ஒளியும் காற்றும் படுந்தோறும் இலிக்னின் நிறம் மாறித் தாளை மஞ்சளாக்கும். அம்மாற்றத்திலே அமிலங்கள் பிறக்கும். இஃதன்றி, மை ஊறிப் பரவாதிருத்தற்குப் பல வகைக் கடதாசிகளில் மரப்பிசினும் அலுமினியஞ் சல்பேற்றும் சேர்க்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிற் பரவிற்று. அதுவும் அமிலத்துக்கே இடங்கொடுத்தது. அமிலமானது காற்றிலுள்ள ஈரத்தின் துணையோடு செலுலோசின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டும். சங்கிலி குறுகக் குறுகத் தாள் வலிமை இழக்கும். ஈற்றில் மூலையை மடித்தவுடன் ஒடிந்து கையோடு வந்துவிடும்.

அமெரிக்காவிலே வேர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம் பாரோ என்பார் 1950-களில் இதனை முறையாக ஆராய்ந்தார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சிடப்பட்ட 500 நூல்களின் தாள்களைச் சோதித்து, அவற்றுட் பெரும்பாலானவை ஐம்பதாண்டளவில் பயன்பாட்டுக்கு உதவாத நிலையை அடையும் என்று காட்டினார். நூல்களின் நிலை அதுவாயின், அவற்றினும் தாழ்ந்த கடதாசியில் வந்த படக்கதைகளின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. பூச்சியும் புழுதியும் தீண்டாவிடினும் இத்தாள் தன்னைத் தானே அரித்துக்கொள்ளும். இவ்வுண்மையை மறந்தார் எத்துணை விலையுயர்ந்த உறையை வாங்கினும் பாதிப் பயனையே பெறுவர்.

முன்னோர் கையாண்ட வழி

உறையும் மட்டையும் நமக்குப் புதியன அல்ல. ஏட்டுச் சுவடியின் மேலும் கீழும் மரச் சட்டம் வைத்து, கயிறு கோத்துக் கட்டி, துணியிற் பொதிந்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். சட்டம் ஏடு வளையாமல் தாங்கியது. துணி புழுதியை விலக்கியது. அது காற்று முற்றும் அடைபடாமலும் பார்த்துக்கொண்டது. இம்மூன்று தொழிலையும் இன்றைய உறையும் மட்டையும் செய்கின்றனவா என்று பார்த்தலே நல்ல அளவுகோல்.

அங்ஙனம் பேணாத சுவடிகளுக்கு நேர்ந்ததைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தம் பதிப்புரையில் நெஞ்சுருக எழுதியுள்ளார்கள். தொட்ட மாத்திரத்தே ஏடு உதிர்ந்ததை அவர்கள் கண்டது 19-ஆம் நூற்றாண்டில். மலிவுக் கடதாசிக்கு அந்நிலை வருதற்கு ஓர் ஆயுட்காலமே போதும்.

உறை வகைகள்

கடையில் ‘பிளாத்திக்கு’ என்னும் ஒரே பெயரால் வழங்கும் உறைகள் உண்மையில் நான்கு வேறு பொருள்களாற் செய்யப்படுவன.

முதலாவது பொலிவைனைல் குளோரைட்டு, சுருக்கமாகப் பீ.வீ.சீ. எனப்படும். இதனை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்த் தன்மையான பொருள்கள் நாளடைவில் வெளியே கசியும். இதழின் அட்டையிலுள்ள மை அதனோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். இது பழுதாகுங்கால் ஐதரசன் குளோரைட்டையும் வெளிவிடும். அஃது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாம். புதிய மழையங்கியின் மணம் வீசும் உறைகளும் கோவைகளும் இவ்வகையினவே. விலை எத்துணை குறையினும் இதனை அறவே விலக்கல் வேண்டும்.

இரண்டாவது பொலித்தீன். மென்மையானது, மலிவானது, சற்று மங்கலானது. கலப்பற்ற பொலித்தீன் இதழுக்குத் தீங்கு செய்யாது. ஆயின் எளிதிற் சுருங்கும், கசங்கும். நீராவியை மெதுவாயும், காற்றையும் வேறு வாயுக்களையும் அதனினும் எளிதாயும் உட்புகவிடும்.

மூன்றாவது பொலிபுரொப்பிலீன். பொலித்தீனிலும் தெளிவும் விறைப்பும் உடையது. படக்கதைக்கென விற்கும் உறைகளுட் பெரும்பகுதி இதனாற் செய்யப்பட்டதே. ஓரிதழைச் சில ஆண்டுகள் பாதுகாக்கத் தக்கது. பொலித்தீனும் இதுவும் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்வையிடப்பட்டு, மஞ்சளித்தோ அலையலையாய் நெளிந்தோ காணப்படின் மாற்றப்படல் வேண்டும்.

நான்காவது பொலியெசுத்தர். ‘மைலர்’ என்று வணிகர் கூறுவது இதனையே; அப்பெயர் டூப்பொன்ற் நிறுவனத்தின் வணிகப் பெயராகத் தொடங்கியது. பூச்சு எதுவும் பூசப்படாத பொலியெசுத்தர் தகடு கண்ணாடிபோல் தெளிவானது, கிழியாதது, எதனையும் கசியவிடாதது. ஆவணக் காப்பகங்கள் அரிய தாள்களுக்குப் பயன்படுத்துவதும் இதுவே. பல பத்தாண்டுகள் மாற்றமின்றி இருக்கும். இதன் தடிப்பை ‘மில்’ என்னும் அளவாற் குறிப்பர். ஒரு மில் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மில் உறை நெகிழ்ந்து கொடுக்கும். நான்கு மில் உறை விறைத்து நிற்கும். விலை மற்றையவற்றிலும் பன்மடங்கு அதிகம். நிலைமின் கவர்ச்சி உடையதாகலின், உதிருந் தன்மையுள்ள கரிக்கோட்டு ஓவியங்களுக்கு ஆகாது. அச்சிட்ட இதழுக்குத் தடையில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. சான்றிதழ்களைச் சூடேற்றிப் பிளாத்திக்கினுள் ஒட்டிவிடும் ‘லமினேற்’ முறை நம்மிடையே பரவியுள்ளது. அதனை இதழ்களுக்குச் செய்தல் தகாது. சூடும் பசையும் தாளோடு கலந்துவிடும். பின்னர் எக்காலத்தும் பிரித்தெடுத்தல் அரிது. மீட்க இயலாத செயல் எதனையும் ஒற்றைப் பிரதியிற் செய்யலாகாது என்பது காப்பாளர் கொள்ளும் முதல் விதி.

நீரில் இட்டு அறிதல்

பெயர் எழுதப்படாத உறை எவ்வகையினது என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. உறையின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு துண்டு வெட்டி, சவர்க்காரம் ஒரு துளி சேர்த்த நீரில் அமிழ்த்தி, குமிழி ஒட்டாவண்ணம் விரலாற் தடவி விடுக. மிதந்தால் அது பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன். இரண்டும் நீரினும் அடர்த்தி குறைந்தவை. தாழ்ந்தால் பீ.வீ.சீ. அல்லது பொலியெசுத்தர். தாழ்ந்தவற்றுள் மென்மையாய், கையில் ஒட்டுந் தன்மையாய், மணம் வீசுவதாய் இருப்பது பீ.வீ.சீ. அசைக்குங்கால் சலசலவென ஒலித்து, மணமின்றி, கையாற் கிழித்தற்கு அரிதாய் இருப்பது பொலியெசுத்தர். ஐயம் தீராவிடின் அவ்வுறையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துதலே நன்று.

மட்டையின் தொழில்

இனி மட்டைக்கு வருவாம். இதழ் வளையாமலும் மூலை மடியாமலும் தாங்குதல் மட்டையின் வெளிப்படையான தொழில். அதனினும் பெரிய தொழில், தாளில் ஊறும் அமிலத்தை ஏற்று நடுநிலையாக்குதல். இதன்பொருட்டு நல்ல மட்டையில் கல்சியங் காபனேற்று, அஃதாவது சுண்ணக்கல்லின் பொடி, சேர்க்கப்படும். வழக்கமாக நூற்றுக்கு மூன்று பங்களவு இருக்கும்.

அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தார் செய்த ஆய்வுகளில் ஓர் உண்மை புலப்பட்டது. அமிலமுள்ள தாளைத் தனியே பொலியெசுத்தர் தகடுகளுக்கிடையில் நாற்புறமும் அடைத்து வைத்தால், அது திறந்து கிடக்குந் தாளினும் விரைவாக நலிகின்றது. தாள் வெளிவிடும் அமில ஆவி வெளியேற வழியின்றி அத்தாளையே மீண்டும் தாக்குதலே இதற்குக் காரணம். அதனோடு காரத்தன்மையுள்ள தாளொன்றையும் உடன்வைத்தபோது நலிவு குறைந்தது. ஆகவே விலையுயர்ந்த உறையினுள் மட்டையின்றி இதழை அடைத்தல் நோயாளியைப் புகையறையில் இட்டுக் கதவைச் சாத்துதல் போலாம். உறை எவ்வளவு இறுக்கமானதோ அவ்வளவுக்கு நல்ல மட்டை இன்றியமையாதது.

மட்டைகளின் மேல் ‘அமிலமற்றது’ என்று அச்சிட்டிருப்பதைக் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. செய்த நாளில் அமிலமற்றதாய் இருந்த மட்டை சில ஆண்டுகளில் தானே அமிலமாதல் உண்டு. வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இலிக்னின் நீக்கப்பட்ட கூழினாற் செய்யப்பட்டதா? கல்சியங் காபனேற்று உட்பகுதி முழுவதும் கலந்துள்ளதா, அன்றி ஒரு பக்கத்திற் பூசப்பட்டதா? தடிப்பு எவ்வளவு? ஒரு பக்கம் மட்டும் பூசப்பட்டதாயின் அப்பக்கமே இதழை நோக்கி இருத்தல் வேண்டும். அத்தகைய மட்டையைச் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். தடிப்பை ‘பொயின்ற்’ என்னும் அளவாற் குறிப்பர். அதுவும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே. 24 பொயின்ற் மட்டை, அஃதாவது ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர், மெல்லிய இதழுக்குப் போதும். தடித்த சிறப்பு மலர்களுக்கு 42 பொயின்ற் மட்டை நன்று.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். மட்டையின் ஒரு துண்டைப் பாதி மூடி, பாதி வெயில்படச் சில வாரம் வைக்க. வெயில்பட்ட பகுதி மஞ்சளித்தால் அதில் இலிக்னின் உண்டு. அமிலமறியும் பேனைகளும் விற்கப்படுகின்றன. அவற்றாற் கோடிட்டால் அமிலமுள்ள இடம் மஞ்சளாயும், அமிலமற்ற இடம் ஊதாவாயும் தோன்றும். அக்கோடு அழியாதாகலின் மட்டையில் மட்டும் இடுக, இதழில் இடாதீர். சட்டைப் பெட்டியின் மட்டை, பிசுக்கோத்துப் பெட்டியின் மட்டை, சாம்பல் நிறக் கட்டட மட்டை என்பன பெரும்பாலும் கழிவுக் கடதாசியிற் செய்தவை. அவற்றை இதழோடு வைத்தல் நோயுற்றவனுக்கு நோயாளியைத் துணைவைத்தலாம். நல்ல மட்டை கிடையாவிடின், இக்காலப் பிரதித்தாள்களுட் பல காரத்தன்மையுடன் செய்யப்படுதலின், பேனையாற் சோதித்த வெண்டாள் ஒன்றை இதழுக்கும் மட்டைக்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம்.

அளவும் இடும் முறையும்

அமெரிக்க இதழ்களின் அளவு காலந்தோறும் மாறியது. 1940-களின் இதழ்கள் ஏறத்தாழ 7¾ அங்குல அகலமுடையன. இன்றையவை 6⅝ அங்குலம். அதனால் அங்கே காலத்தின் பெயரால் உறைகள் விற்கப்படுகின்றன. தமிழ்ப் படக்கதைகள் அவ்வளவுகளுக்கு அடங்கா. கையடக்க இதழும் பெரிய இதழும் ஒரே நிறுவனத்திலிருந்து வந்துள்ளன. ஆதலின் பெயரைப் பார்த்து வாங்காது, அடிமட்டத்தால் இதழை அளந்து, அகலத்திற் கால் அங்குலம் மிகையாகவும், நீளத்தில் அரை அங்குலம் மிகையாகவும் உள்ள உறையைத் தெரிக. இறுக்கமான உறை ஓரங்களைச் சுருட்டும். தளர்ந்த உறையில் இதழ் சரிந்து மூலை மழுங்கும். மட்டை இதழின் ஓரத்தைவிடச் சற்றே நீண்டிருத்தல் வேண்டும். அப்போது அடி படின் மட்டையே ஏற்கும்.

இடும்போது இதழை மட்டையின்மேற் படுக்கவைத்து இரண்டையும் ஒருசேர உள்ளே தள்ளுக. உறையினுள் மட்டையை முன்னரே வைத்துப் பின்னர் இதழைச் செருகினால் பின்னட்டை கிழியும். வாய்மடிப்பை ஒட்டுநாடாவால் ஒட்டுவோர் பலர். இதழை வெளியே எடுக்குங்கால் அந்நாடா முன்னட்டையைப் பற்றி இழுத்துக் கிழித்துவிடுதல் மிகுதி. மடிப்பை மட்டைக்கும் உறைக்கும் இடையிற் செருகிவிடுதலே சாலும். சற்றுக் காற்றோட்டமும் இருக்கும். கிழிந்த பக்கத்தை ஒட்டுநாடாவால் ஒட்டுதலும் தகாது. அதன் பசை காலப்போக்கில் தாளினுள் ஊறிப் பழுப்புக் கறையாய் நிற்கும்.

பெட்டியும் பருவமும்

1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், எட்கார் சேர்ச் என்னும் விளம்பர ஓவியர் சேர்த்துவைத்த படக்கதைத் தொகுதி வெளிப்பட்டது. பல்லாயிரம் இதழ்கள், பல 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் வெளிவந்தவை, தாள் இன்னும் வெண்மை மாறாதிருந்தது. அவற்றுக்கு உறையும் இல்லை, மட்டையும் இல்லை. உலர்ந்த குளிர்ந்த மலைநாட்டு வீட்டில், இருட்டில், ஒன்றன்மேல் ஒன்றாய் இறுக அடுக்கிவைக்கப்பட்டிருந்தமையே அவற்றைக் காத்தது.

நமக்கோ உப்புக் காற்றும் வெக்கையும் வாடைக்கால ஈரமும் வாய்த்துள்ளன. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 65-ஐ விஞ்சி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். இதழின் நடுவிலுள்ள கம்பித் தையலும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஆகவே மாரிகாலத்தில் இதழை உறையிலிடலாகாது. ஈரத்தையும் சேர்த்தே அடைத்தவராவோம். தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்தபின், உலர்ந்த நாளொன்றின் பிற்பகலில், நிழலிற் காற்றாட விரித்துவைத்து, மெல்லிய தூரிகையாற் புழுதி நீக்கி, அதன்பின் உறையிலிடுக. வெயிலிற் காயவைத்தல் தீது.

உறையிலிட்டவற்றை நிலத்தினின்று உயர்ந்த தட்டில், வெளிச்சுவரைத் தொடாத இடத்தில், மட்டைப் பெட்டியினுள் நிமிர்த்தி வைக்க. பெட்டி நிரம்பாவிடின் இதழ்கள் சாய்ந்து வளையும். இடைவெளியைத் தடித்த மட்டையால் நிரப்புக. றங்குப்பெட்டி கறையானைத் தடுக்கும். ஆயின் தகரம் வியர்க்கும். அதனுள் நீருறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதிகளை வைத்து, அவற்றை மாதந்தோறும் சூடேற்றி உலர்த்தல் வேண்டும். நப்தலீன் உருண்டைகளை உறையினுள் இடாதீர். கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வராதிருக்க இடத்தைத் துப்புரவாக்கிப் பருவந்தோறும் திறந்து பார்த்தலே சிறந்த மருந்து.

எதனை முதலிற் காப்பது

நூறு இதழ் உடையார் நூறுக்கும் பொலியெசுத்தர் வாங்கல் பெரும்பாலோர்க்கு இயலாது, வேண்டுவதுமில்லை. இதழ்களை மூவகையாகப் பிரிக்க. வேறெங்கும் கிடையாதவை, உடையாதிருக்கும் பழைய பிரதிகள், பெரியோர் கையெழுத்துடையவை என்பன முதல்வகை. இவற்றுக்குப் பொலியெசுத்தர் உறையும் முழுதுங் காபனேற்றுக் கலந்த மட்டையும் ஈக. அடிக்கடி எடுத்து வாசிப்பவை இரண்டாம் வகை. பொலிபுரொப்பிலீன் உறையும் 24 பொயின்ற் மட்டையும் போதும். எஞ்சியவற்றைக் காரத் தாளிற் பொதிந்து பெட்டியில் அடுக்கினாலும் நலமே. பணம் ஒன்றுக்கே போதுமாயின் சாதாரண உறையும் சிறந்த மட்டையும் கொள்க. சிறந்த உறையும் தாழ்ந்த மட்டையும் கொள்ளற்க.

ஒடியத் தொடங்கிய இதழை எவ்வுறையும் பழைய நிலைக்குக் கொணராது. நலிவைத் தாமதப்படுத்துதலே அதனால் ஆவது. ஆதலின் முதல்வகை இதழ்களை உறையிலிடுமுன் பக்கம் பக்கமாகப் படம்பிடித்தும் வைத்துக்கொள்க. 2005-ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் ‘நூலகம்’ முயற்சி, ஒற்றைப் பிரதி ஒன்றேனும் எத்துணைப் பயன் தரும் என்பதை நமக்குக் காட்டியுள்ளது.

ஈண்டுக் கூறியன படக்கதைகளுக்கு மட்டும் உரியன அல்ல. பழைய பாடசாலைச் சஞ்சிகை, நாடக அறிவித்தல், விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல், பரிசளிப்பு விழா அறிக்கை ஆகிய யாவும் அதே தாளில் அச்சிடப்பட்டு அதே நோயுற்று நம் வீடுகளிற் கிடக்கின்றன. பழைய மாணவர் ஒவ்வொருவரும் இத்தை மாதத்தில் தத்தம் பெட்டியைத் திறந்து, தாளை அளந்து, தக்க உறையும் மட்டையும் தெரிவாராக. அடுத்த விழா மலரைத் தொகுப்பார்க்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.